உன் அவகாசம் போயிடும்

1

பர்மிங்காமில் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பெட்டிகளின் தேதியைப் பார்த்து, முதலில் முடியப்போவதை முன்னால் வைக்க வேண்டும். பிறகு முடிவதைப் பின்னால் அடுக்க வேண்டும். முடிந்துபோனதைச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். தேதி தவறிய ஒரு பெட்டிகூட என் கையைத் தாண்டி வார்டுக்குப் போனதில்லை. வீட்டிலும் நான் அப்படித்தான். கடவுச்சீட்டு, கார் காப்பீடு, மகளின் பல் மருத்துவர் என்று எல்லாவற்றின் கடைசி நாளும் என் நாட்குறிப்பில் முன்கூட்டியே ஏறிவிடும். இதை ஒரு நல்ல குணமாக நினைத்திருந்தேன்.

இந்த வருடம் மார்ச் மாதத்தில் கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து லாத்தா ஒரு குரல் செய்தி அனுப்பினாள். லாத்தா என் அக்கா, பெயர் ஜமீலா. பஜார் சாலைக்குப் பின்னால், சுக்கு கிடங்குகள் இருக்கும் சந்தில், எங்கள் அத்தா விட்டுப்போன ஓட்டு வீட்டில் காசிம் மச்சானோடு இருக்கிறாள். அம்மா முன்பே போய்விட்டாள். அத்தாவுக்கு வாரிசு நாங்கள் இரண்டு பேர்தான்.

"தம்பி, அத்தா மௌத்தாகி பன்னிரண்டு வருஷம் ஆகப் போகுது, கேட்டியா? வில்லேஜ் ஆபீஸ்ல இன்னும் அத்தா பேர்லதான் கரம் கெட்டுறோம். போக்குவரவு செய்யணும். உன் ஒப்பு வேணும். வேகம் போட்டுத் தா. இல்லேன்னா உன் அவகாசம் போயிடும்."

பக்கத்தில் இருந்த என் மகள் ஸஃபியா காதிலிருந்து காதொலிப்பானின் ஒரு பக்கத்தை எடுத்தாள். அவளுக்குப் பதினாறு வயது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான் அவளுக்குத் தெரியும்.

"மாமிக்கு என்ன டிராஃபிக் பிரச்சினை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கேரளத்தில் போக்குவரவு என்றால், இறந்தவர் பேரில் இருக்கும் நிலத்தை வாரிசுகள் பேருக்கு மாற்றுவது என்று விளக்கினேன். கரம் என்றால் வரி, ஒப்பு என்றால் கையெழுத்து என்றேன்.

"அவகாசம் எனக்கே தெரியும். டெட்லைன்" என்றாள் அவள். சரி என்று தலையாட்டினேன். அவள் மறுபடி காதை மூடிக்கொண்டாள்.

சீக்கிரம் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் உனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிடும். லாத்தா சொன்னதை நான் அப்படித்தான் கேட்டேன். ஒருநாளும் என்னை எதற்கும் அவசரப்படுத்தாதவள் அவள். இந்த வீட்டு விஷயத்தில் மட்டும் ஏன் கெடு வைக்கிறாள் என்று யோசித்தேன். யோசிக்க ஆரம்பித்ததே தவறு என்று இப்போது தெரிகிறது.

2

எங்கள் குடும்பம் கம்பத்திலிருந்து கொச்சிக்கு வந்தது. அத்தாவுக்குச் சாக்கும் சணல் கயிறும் வியாபாரம். ஆண்பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் போய்விடக் கூடாது என்று என்னைப் பத்து வயதில் கம்பத்துக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெண்பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. லாத்தா மட்டாஞ்சேரியிலேயே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். விடுமுறைக்கு நான் வரும்போது எர்ணாகுளம் போகும் படகில் உட்கார்ந்துகொண்டு, கரையில் தெரியும் மலையாளப் பலகைகளை அவள் எனக்கு வாசித்துக் காட்டுவாள். நான் அவளுக்கு வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியை வாசித்துக் காட்டுவேன். யாருடைய எழுத்து அழகு என்று சண்டை போடுவோம்.

பர்மிங்காமுக்கு வந்த புதிதில், தமிழ்ச் சங்கத்தில் நான் "சாயா குடிக்கலாம்" என்றதற்கும் "ஒப்பு போடணும்" என்றதற்கும் சிரித்தார்கள். ஒவ்வொரு சொல்லாகக் கொச்சியைக் களைந்தேன். பிறகு அதே சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நானே பாடம் எடுத்தேன்.

லாத்தாவின் செய்தி வந்த வாரம், பள்ளித் தோழன் ஒருவன் மூலமாக எர்ணாகுளத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். பிராட்வேக்குப் பக்கத்தில் அலுவலகம். மலையாளி, என்னிடம் தமிழில் பேச முயன்றார்.

"ஒரு வாரிசு வீட்டில தாமசிக்கிறதால மட்டும் மத்தவரோட பங்கு போகாது சார். ஆனா அவங்க 'உனக்கு இதில ஒண்ணும் இல்லை'ன்னு வெளிப்படையா பறஞ்சு, நீங்க அது தெரிஞ்சும் பன்னிரண்டு வருஷம் மிண்டாம இருந்தா, பின்னே கேஸ் நிக்காது. சகோதரி அப்படி எதாவது சொன்னாங்களா?"

எதையும் சொன்னது சொன்னபடி சொல்வது என் வழக்கம். லாத்தாவின் வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன்: "வேகம் ஒப்பு போடு, இல்லேன்னா உன் அவகாசம் போயிடும்."

"அப்படியே பறஞ்சாங்களா?" அவர் குரல் மாறியது. "எங்கில் தாமசம் வேண்டாம். நோட்டீஸ் அனுப்பினா காலம் ஓடறது நிக்காது, கேஸ் போட்டாத்தான் நிக்கும். எங்கிலும் முதல்ல நோட்டீஸ். உங்க மத நியமப்படி உங்களுக்கு ரெண்டு பாகம், சகோதரிக்கு ஒண்ணு. அறியுமல்லோ?"

தெரியும். ஆனால் அத்தா போனதிலிருந்து அந்தக் கணக்கை நான் ஒருநாளும் மனதில் போட்டுப் பார்த்ததில்லை. அன்று போட்டுப் பார்த்தேன். சந்தில் உள்ள அந்த வீட்டின் முன்னறையும் கூடமும் அத்தாவின் அறையும் எனக்கு வந்தன. அடுக்களையும் அதையொட்டிய சாய்ப்பும் லாத்தாவுக்குப் போயின.

அவளுக்குப் பதில் அனுப்பினேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசும்போது நான் நல்ல தமிழில் பேசுவேன் போலிருக்கிறது. "லாத்தா, உடனே முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்."

ஒருநாள் கழித்துப் பதில் வந்தது. "சரி தம்பி. உன் அவகாசம் உனக்குத்தான். அதில நான் கை வைக்க மாட்டேன்."

அதை மனைவிக்குப் போட்டுக் காட்டி, "பார், அவசரப்படுத்தினவளே விட்டுட்டா" என்று சொன்னேன்.

கேட்கும்போதெல்லாம், தூதரகத்தில் சான்றொப்பத்துக்கு நாள் கிடைக்கவில்லை என்று லாத்தாவிடம் சொல்லிவந்தேன். நான் நாள் கேட்கவே இல்லை. ஜூலையில் வக்கீலின் நோட்டீஸ் வரைவு வந்தது. அதில் சர்வே எண்ணில் ஒரு பிழையையும் இரண்டு காற்புள்ளிகளையும் திருத்தி அனுப்பினேன். ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்குப் போகிறேன், நான் திரும்பிய பிறகு அது போய்ச் சேரட்டும் என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். அப்போது அதை ஒரு மரியாதையாக நினைத்தேன்.

3

ஆகஸ்டில் நானும் ஸஃபியாவும் போனோம். நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து வெலிங்டன் தீவைக் கடந்து வரும் வரை மழை விடவில்லை. தீவின் பண்டகசாலைகளைப் பார்த்ததும், "மச்சான் இங்கேதான் முப்பது வருஷம் சரக்கு எண்ணினார்" என்று ஸஃபியாவிடம் காட்டினேன். அவள் படம் எடுத்துக்கொண்டாள்.

வீட்டு முன்வாசல் பூட்டியிருந்தது. பக்கத்துச் சந்து வழியாக, அடுக்களைப் பக்கத்திலிருந்து லாத்தா குடையோடு வந்தாள். ஸஃபியாவை முத்தமிட்டாள். என் கையில் ஒரு சாவியை வைத்தாள்.

"திற. தூத்துத் துடைச்சுத்தான் போட்டிருக்கேன்."

திறந்தேன். முன்னறையில் ஒன்றும் இல்லை. கூடத்திலும் இல்லை. அத்தாவின் அறையில் அவர் கட்டில் மட்டும் சுவரோரமாக இருந்தது. கூடத்தின் கடைசியில், அடுக்களைக் கதவுக்கு முன்னால், தரையோடு தரையாக ஒரு சணல் கயிறு ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டியிருந்தது. அந்தக் கதவிலும் என் பக்கத்திலிருந்து பூட்டு. அதே சாவி அதற்கும் பொருந்தியது. கதவுக்கு அப்பால் அடுக்களையில் மூன்று இடத்தில் ஒழுகியது. சாய்ப்பில் மச்சானின் கட்டிலுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது. தாளின் நடுவில் தண்ணீர் தொப்பையாகத் தேங்கி நின்றது. மழைக்காலம் முழுவதும் இருவரும் அதற்கடியில்தான் இருந்திருக்கிறார்கள். நனையாத பக்கம் காலியாகக் கிடந்திருக்கிறது.

"என்ன லாத்தா இது கயிறு?"

"அத்தாவோட பழைய சரக்குதான், இன்னும் கெட்டுப் போகல. கயித்துக்கு அந்தப் பக்கம் உன்னோடது, ரெண்டு பாகம். இந்தப் பக்கம் என்னோடது. பள்ளிவாசல் உஸ்தாத் கிட்ட கேட்டுத்தான் அளந்தோம்."

"யாரு உன்னை அளக்கச் சொன்னது?"

"நீதானே."

"நானா? எப்ப?"

அவள் கைபேசியைத் தேடி எடுத்து, கண்ணுக்குக் கிட்ட வைத்துத் தடவி, என் குரலைப் போட்டாள். அந்த ஈர அடுக்களையில், வகுப்பில் பாடம் எடுப்பதுபோல நான் பேசினேன்: 'எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்.'

கட்டிலில் கிடந்தபடி மச்சான் சொன்னார்: "கொஞ்சம்னுதான் நீ கேட்டே, யூசுபே. இவ ரெண்டு பாகமும் எடுத்துத் தந்துட்டா. பண்டே கணக்கில ஆளு மோசம்."

அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை, பாத்தியதை. எனக்குத் தெரியாத சொல் இல்லை. சிறு வயதில் அந்தச் சந்தில் நடந்த எந்தப் பாகச் சண்டையிலும் முதலில் காதில் விழுந்தது அதுதான். தமிழில் பேசுகிறோம் என்று நினைத்ததால் எனக்கு அது தமிழாக மட்டும் கேட்டது. லாத்தாவோ அந்தச் சொல்லை நேரம் என்ற பொருளில் வாழ்நாளில் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நேரத்துக்கு 'டைம்' என்றுதான் சொல்வோம்.

"டைம் லாத்தா! டைம் கேட்டேன்! தமிழ்ல அவகாசம்னா டைம்!"

லாத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். "படச்சோனே! டைமா? அப்போ டைம்னு சொல்றதுக்கென்ன, நாவு தேஞ்சா போயிடும்? பெரிய தமிழ் வாத்தியார்!"

மச்சான் சிரித்ததில் மேலே இருந்த தாள் அசைந்து தண்ணீர் சிந்தியது. ஸஃபியாவுக்கு விளக்கினேன், அவளும் சிரித்தாள். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எல்லாம் ஒரு சொல்லின் குற்றம்தான் என்று ஆகிவிட்டதே.

லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்:

"அதிருக்கட்டும். ஒரு ஒப்பு போடறதுக்கு எதுக்குடா டைம்?"

"தூதரகத்துல நாள் கிடைக்கலை" என்றேன்.

"ம்" என்றாள். மச்சான் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

மறுநாள் காலையில், கப்பைக் கிழங்கை வேகவைத்துக்கொண்டே அவளாகச் சொன்னாள். கரம் கட்டப் போன இடத்தில் யாரோ சொன்னார்களாம். ஒருத்தர் மட்டும் பன்னிரண்டு வருடம் வீட்டை வைத்துக்கொண்டிருந்தால், வெளியே இருப்பவரின் பாத்தியதை போய்விடும் என்று.

"எனக்கு அன்னிக்கு உறக்கம் வரல. நீ அங்க எங்கேயோ கிடக்கே. உனக்கு யாரு இதெல்லாம் பறஞ்சு தருவா? அதான் வேகம் ஒப்பு போடுன்னேன். ரெண்டு பேர் பேரும் ஏறிட்டா பின்னே யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

வக்கீல் சொன்ன சட்டம் இதைவிட நுணுக்கமானது. அதை நான் அவளுக்கு விளக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

"பிறகு நீ அவகாசம் வேணும்னு சொன்னே. நாளும் ஆயிட்டே போச்சு. மழை தொடங்கறப்போ பன்னிரண்டு முடியுது. அதுக்கு முன்னாடி உன் பாகத்திலேர்ந்து எறங்கிட்டா நான் வெச்சிருந்ததா ஆகாதுல்ல? அதான் எறங்கினோம்."

என் கணக்கில் பன்னிரண்டு வருடம் அக்டோபரில்தான் முடியும். அவள் கணக்கு பிறைக் கணக்கு. அத்தாவுக்கு ஆண்டு ஃபாத்திஹா ஓதுவதும் அதன்படிதான். அதில் வருடம் சிறியது. பன்னிரண்டு வருடத்தில் நான்கு மாதத்துக்கு மேல் முந்திவிடும். என் பங்கு கெடாமல் இருக்க, நாட்காட்டி சொன்னதற்கு நான்கு மாதம் முன்பே, சரியாகப் பெருமழை தொடங்கும்போது, அவள் மச்சானின் கட்டிலைத் தூக்கிச் சாய்ப்பில் போட்டிருக்கிறாள்.

'உன் அவகாசம் போயிடும்.' அந்த வாக்கியத்தை மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். உன் பாத்தியதை போய்விடும், சீக்கிரம் கையெழுத்துப் போட்டுக் காப்பாற்றிக்கொள். அதைத்தான் நான் வக்கீலிடம் ஒப்பித்தேன். அவருக்கு அது மலையாளமாகக் கேட்டு மிரட்டலாகப் பட்டது. எனக்குத் தமிழாகக் கேட்டுக் கெடுவாகப் பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து, ஒரு எச்சரிக்கையைக் குற்றமாக்கி, ஆங்கிலத்தில் எழுதிவிட்டோம்.

ஸஃபியாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படகேறி எர்ணாகுளம் போனேன். வக்கீல் கோர்ட்டில் இருந்தார். அவருடைய குமாஸ்தா ஒரு கட்டைப் புரட்டிவிட்டு, "அது போஸ்ட் செய்தாச்சு சார்" என்றார். இந்த மாதம் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தேனே என்றேன். "காலாவதி ஆகுற கேஸ் அல்லே சார், நாங்க வெச்சிருக்க மாட்டோம்" என்றார். என் கிடங்கில் நான் சொல்லக்கூடிய பதில்தான். செருப்பு வாங்க மறந்து திரும்பினேன்.

5

தபால்காரர் வந்தபோது நாங்கள் அடுக்களையில் இருந்தோம். "ஜமீலத்தா, ரெஜிஸ்டர். ஒப்பிடணும்" என்று சந்திலிருந்தே கூப்பிட்டார். லாத்தா ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு போய், நின்றபடியே மலையாளத்தில் பெயரை எழுதிக் கொடுத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கண்டியா? எனக்கு டைம் ஒண்ணும் வேண்டாம்."

உறையைப் பிரித்தாள். ஆங்கிலம். "உஸ்தாத் மாதிரி நீதான் ஓதணும்" என்று என்னிடம் நீட்டினாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். மின்சாரக் கட்டணம் என்றால் நம்பியிருப்பாள். உறையை வாங்கும்போது அந்தப் பொய்கூட மனதில் தயாராக இருந்தது. வாசலில் ஸஃபியா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். நான் உண்மையைச் சொன்னதற்கு அதுதான் காரணம். நேர்மை என்று எழுதிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

"என் கட்சிக்காரர் யூசுப்..." என்று தமிழில் தொடங்கினேன்.

"எந்த யூசுப்?" என்றார் மச்சான்.

லாத்தா அடுப்பை அணைத்தாள். வாசித்தேன். 'சொத்து முழுவதையும் தங்கள்வசம் வைத்துக்கொண்டு என் கட்சிக்காரரின் பங்கை மறுத்துவரும் தாங்கள்' என்ற வரியைத் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் வாசித்தேன். அந்த வரியில்தான் ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருந்தேன். கடைசிப் பத்தியில், இரண்டு பாகத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதை மொழிபெயர்க்கும்போது வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "...இதற்குப் பதினைந்து நாள் அவகாசம் தரப்படுகிறது."

லாத்தா ஓட்டின் ஒழுகலுக்குக் கீழே இருந்த சட்டியைச் சற்று நகர்த்தி வைத்தாள்.

"இது எந்த அவகாசம், தம்பி?" என்றாள் லாத்தா. "உன்னோடதா, என்னோடதா?"

"டைம், லாத்தா."

"பதினஞ்சு நாளா?"

"ஆமா."

தாளை என் கையிலிருந்து வாங்கி, வந்த மடிப்பிலேயே மடித்து உறையில் போட்டாள்.

"அவ்வளவு எதுக்கு? நாளைக்கே போவோம்."

அவள் அழுதிருந்தால், திட்டியிருந்தால், நான் ஏதாவது சொல்லியிருப்பேன். ஸஃபியா என்னைப் பார்க்காமல் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

6

வில்லேஜ் ஆபீஸின் சுவரில் ஒரு பெரிய பலகை இருந்தது. தலைப்பில் 'சேவனாவகாசம்', அதாவது சேவை பெறும் உரிமை, என்று எழுதியிருந்தது. அதன் கீழே, எந்த வேலையை எத்தனை நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்று வரிசையாக நாட்கள். அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே பலகையில் இருந்தன. எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு நின்றேன்.

லாத்தாவின் விண்ணப்பத்தில் என் பெயர் மேலேயும் அவள் பெயர் கீழேயும் இருந்தன. "லாத்தா, எனக்கு வேண்டாம். முழுசும் உன் பேருக்கு எழுதிடலாம்" என்றேன்.

"வேண்டாமா?" அவள் சத்தத்தைத் தாழ்த்தினாள். "நேத்து வக்கீல் வெச்சுக் கேட்டே, இன்னிக்கு தானம் செய்ய வந்தியா? இது அத்தா தந்தது. உன்னோட தயவில எனக்கு ஒரு ஓடும் வேண்டாம். ஒப்பு போடு."

போட்டேன். வில்லேஜ் ஆபீஸ் குமாஸ்தா என் தமிழ்க் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்ல எழுத்து" என்றார்.

கிளம்பும் நாள் வரை அவர்கள் கயிற்றைத் தாண்டி வரவில்லை. நான் கெஞ்சியபோது, "கரம் ரசீது வரட்டும், பின்னே பார்க்கலாம்" என்றாள். விமான நிலையத்துக்குப் போகும் அவசரத்தில், முன்வாசலை இழுத்து, பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். எந்த வீட்டை விட்டு இறங்கினாலும் செய்வதுதான். உள்கதவையும் பூட்டியிருந்தேன். பர்மிங்காமில் மேல்சட்டையைத் தொங்கவிடும்போது அதன் பையில் சாவி இருந்தது. லாத்தாவிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

வக்கீலுக்கு, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ஸஃபியா இப்போது தமிழில் ஒன்றும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நான் மட்டும் போகிறேன்.

அக்டோபரில் நாட்காட்டிப்படி பன்னிரண்டு வருடம் முடிந்த நாளுக்கு நேராக என் நாட்குறிப்பில் 'கடைசி நாள்' என்று முன்பே எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். அன்று கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது லாத்தாவின் குரல் செய்தி வந்தது.

"தம்பி, கரம் ரசீது வந்தாச்சு. ரெண்டு பேர் பேரும் இருக்கு, அல்ஹம்துலில்லாஹ். பின்னே, துலாமழை பிடிச்சிடுச்சு. இப்போ உன் பக்கமும் ஒழுகுது, சத்தம் கேக்குது. அத்தாவோட கட்டில் நனையும். சாவி உன்கிட்டல்ல இருக்கு? பூட்டை உடைச்சு உள்ளே கேறி ஒரு சட்டி வைக்கட்டா? உன்கிட்ட கேக்காம எப்படி..."

கேலி செய்கிறாளா என்று மறுபடி கேட்டேன். இல்லை. உண்மையாகவே அனுமதி கேட்கிறாள்.

'உடை லாத்தா, உடனே உடை' என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அதில் அவள் பேசவில்லை. மழைச் சத்தம். இரும்பில் சுத்தியல் விழும் சத்தம். இடையில், சற்றுத் தள்ளியிருந்து மச்சானின் குரல்:

"மெல்ல, மெல்ல அடி. அது அவனோட கதவு."